கேட்கும் பிள்ளையும் சொல்லும் பெரியவரும்

(ஆலயத் திருவிழாவை முன்னிட்டு நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

திருவிழாக் காலத்தில் ஆலயத்தில் சமயச் சொற்பொழிவு கேட்பதே வழக்கம். இவ்வாண்டு குழந்தை வளர்ப்பைப் பற்றியும் ஓர் உரை இடம்பெற வேண்டும் என நிர்வாகக் குழுவினர் விரும்பினர். முதலாம் ஆண்டு மாணவர்களுக்கும் பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்கும் பல ஆண்டுகள் கற்பித்தவள் என்ற தகுதியில் இங்கே நிற்கிறேன். பெற்றோர்கள் என்னிடம் அடிக்கடி சொன்ன ஒரு குறையையே இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டேன். "டீச்சர், பிள்ளை சொன்னால் கேட்பதில்லை" என்பதே அக்குறை.

இந்தக் "கேட்டல்" என்ற சொல்லைச் சற்று எண்ணிப் பாருங்கள். நம் தமிழில் இதற்கு மூன்று பொருள் உண்டு. ஓசையைச் செவியில் வாங்குவது கேட்டல். தெரியாததை வினவுவதும் கேட்டல். சொன்னபடி நடப்பதும் கேட்டல்தான். பாட்டுக் கேட்டான், வழி கேட்டான், அம்மா பேச்சைக் கேட்டான் என மூன்று இடத்திலும் ஒரே சொல்லைத்தான் ஆள்கிறோம். பிள்ளைகள் மூன்றாவது கேட்டலைச் செய்யவில்லை என்று வருந்துகிறோம். முதல் இரண்டும் நடந்தனவா என்று பார்ப்பதில்லை. செவியில் விழாத சொல்லுக்கு எந்தப் பிள்ளையும் பணிய முடியாது. விளங்காத சொல்லைப் பற்றி வினவ இடம் கொடுக்காத வீட்டில், பிள்ளை அச்சத்தால் அடங்கியிருக்குமே தவிர, புரிந்து நடக்காது. நான் சொல்ல வந்தது இவ்வளவே. எஞ்சியவை இதன் விளக்கம்.

பெரட்டுக்களத்தில் கற்ற பாடம்

நம்மில் பலர் தோட்டத்துப் பிள்ளைகள். இம்மலையில் 1929ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது; 1933இல் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது. அக்காலத் தோட்டங்களில் பொழுது புலரும் முன்பே பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். பெயர் கூப்பிடுவார்கள். கங்காணியோ தண்டலோ அன்றைய வேலையைச் சொல்வார். சொன்ன வேலையைச் செய்துவிட்டுத் திரும்ப வேண்டும். "ஏன்?" என்று வினவ அங்கே இடமில்லை. வினவியவருக்கு "எதிர்த்துப் பேசுகிறவன்" என்ற பெயர் கிடைக்கும். துரையிடமிருந்து கிராணிக்கும், கிராணியிடமிருந்து கங்காணிக்கும், கங்காணியிடமிருந்து தொழிலாளிக்கும் சொல் கீழ்நோக்கியே இறங்கியது. மேல்நோக்கி எதுவும் ஏறவில்லை.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று வகை செய்தது. நம் தமிழ்ப்பள்ளிகளுள் பல அவ்வாறு பிறந்தவையே. ஆனால் லயத்து வீட்டிலும் பள்ளியிலும் பெரட்டுக்களத்துக் குரலே நெடுங்காலம் ஒலித்தது. தாத்தா அப்பாவிடம் அக்குரலில் பேசினார். அப்பா நம்மிடம் பேசினார். இன்று கொழுந்து எடுப்போரில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம் மக்கள் காய்கறித் தோட்டம், பூந்தோட்டம், கடை, அலுவலகம், அரசுப் பணி என்று சென்றுவிட்டனர். பெரட்டுக்களம் போய்விட்டது. அந்தக் குரல் மட்டும் இன்னும் சில வீடுகளில் தங்கியிருக்கிறது. நம் முன்னோரைக் குறை கூற நான் இதைச் சொல்லவில்லை. அவர்கள் அறிந்த ஒரே முறை அதுவாக இருந்தது. நம் பிள்ளைகளுக்கு அது போதாது என்பதே என் கருத்து.

முதல் கேட்டல்: செவி

என் வாழ்வில் நான் செய்த பிழை ஒன்றை உங்கள் முன் வைக்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில் ஒரு பள்ளியில் எனக்கு முதலாம் ஆண்டு வகுப்புத் தந்தார்கள். பின்வரிசையில் ஒரு சிறுவன் இருந்தான். "புத்தகத்தைத் திறங்கள்" என்றால் எல்லாரும் திறந்த பிறகே திறப்பான். "எழுந்து நில்" என்றால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துவிட்டே எழுவான். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்ன எதையும் செய்ய மாட்டான். பிடிவாதக்காரன் என்று முடிவு செய்தேன். பலமுறை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன். அடங்காதவன் என்று அவன் வீட்டுக்கு எழுதியும் அனுப்பினேன்.

அக்கடிதத்தைக் கண்டு அவனுடைய பாட்டி பள்ளிக்கு வந்தார். கோபப்படவில்லை. "டீச்சரம்மா, இவனுக்குச் சின்ன வயசிலிருந்தே காதில் சீழ் வடியுது. குளிர் வந்தால் இரண்டு காதும் அடைச்சுக்கும். உங்க முகத்தைப் பார்த்தால்தான் இவனுக்குப் பேச்சு விளங்கும்" என்றார். நான் தலைகுனிந்து நின்றேன். அவன் என்னை மீறியவன் அல்லன். கேளாத காதுகளோடு, மற்றப் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து என் சொற்படி நடக்க அந்த வகுப்பிலேயே மிக அதிகமாக முயன்றவன் அவன்தான். மறுநாள் அவனை முன்வரிசைக்கு மாற்றினேன். அதற்குப் பிறகு அவனிடம் எந்தப் பிடிவாதத்தையும் நான் காணவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் ஊர் குளிர் ஊர். சளி பிடிக்காத பிள்ளை இல்லை. சளி பிடித்தபின் நடுச்செவியில் நீர் தங்கினால் கேட்கும் திறன் தற்காலிகமாகக் குறையும். வலி இல்லாமலும் இது நேரும். ஒரு நாள் நன்றாகக் கேட்கும், மறுநாள் மந்தமாக இருக்கும். எனவேதான் "வேண்டியபோது மட்டும் காது கேட்கிறது" என்று பெரியவர்கள் தவறாக எண்ணிவிடுகின்றனர். தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டும் பிள்ளை, "ஆங்?" என்று திரும்பத் திரும்ப வினவும் பிள்ளை, பின்னாலிருந்து அழைத்தால் திரும்பாத பிள்ளை, பேச்சுத் தெளிவு வயதுக்கேற்ப வராத பிள்ளை ஆகியோரைத் திட்டுவதற்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள். அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் தொடங்கலாம். தேவையானால் தானா ராத்தா மருத்துவமனைக்கோ ஈப்போவுக்கோ அனுப்புவார்கள். சீழ் வடியும் காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றும் வழக்கத்தை அன்புகூர்ந்து விட்டுவிடுங்கள்.

காது நன்றாக இருந்தாலும் சொல் சென்று சேரும் வழியை நாம்தான் திறக்க வேண்டும். அடுப்படியிலிருந்து கூவினால், தொலைக்காட்சி பார்க்கும் பிள்ளைக்கு அது இன்னோர் ஓசை மட்டுமே. அருகே செல்லுங்கள். பெயர் சொல்லி அழையுங்கள். பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, கண் கண்ணைப் பார்த்தபின் சொல்லுங்கள். பத்து முறை கூவுவதைவிட இதற்குக் குறைந்த நேரமே ஆகும்.

சொல்லும் முறை

செவி வாங்கிய சொல்லை அறிவு ஏந்திக்கொள்ள வேண்டும். சின்னஞ்சிறு பிள்ளையின் நினைவு ஒரு சிறு கிண்ணம் போன்றது. பொதுவாக, ஒன்றரை வயதளவில் சைகை காட்டாமலேயே ஒரு செயலைச் சொன்னால் பிள்ளை செய்யும். இரண்டரை வயதளவில் "பந்தை எடு, அம்மாவிடம் கொடு" என்பது போன்ற இரண்டு செயல்களைச் செய்யும். பள்ளிக்கு வரும் வயதில் மூன்றையும் நான்கையும் நினைவில் கொள்ளப் பழகும். நாமோ மூன்று வயதுப் பிள்ளையிடம், "எழுந்திரு, பல் துலக்கு, சட்டையை மாற்று, பையை எடு, காலணியைப் போடு, வேன் வந்துவிட்டது" என்று ஒரே மூச்சில் கொட்டுகிறோம். கிண்ணம் நிரம்பி வழிந்துவிடுகிறது. கடைசியாகக் கேட்ட "வேன் வந்துவிட்டது" மட்டும் மனத்தில் நிற்க, பிள்ளை வாசலுக்கு ஓடுகிறது. நாம் அதை அடிக்கிறோம்.

அலெக்சாண்டர் லூரியா என்னும் ரஷ்ய உளவியல் அறிஞர் பெரியவரின் சொல் குழந்தையின் செயலை எவ்வாறு வழிநடத்துகிறது என்பதை ஆராய்ந்தார். அவர் இலண்டனில் ஆற்றிய விரிவுரைகள் 1961இல் நூலாக வெளிவந்தன. ஏறத்தாழ இரண்டு வயதுக் குழந்தை ஒரு கோலில் வளையங்களை மாட்டிக்கொண்டிருக்கிறது. "வளையத்தைக் கழற்று" என்று சொன்னால், அது கழற்றுவதில்லை. முன்னிலும் விரைவாக மாட்டத் தொடங்குகிறது. சொல் அக்குழந்தையின் காதில் விழுந்தது. சொல்லுக்குப் பொருளும் அதற்குத் தெரியும். ஆயினும் தொடங்கிவிட்ட செயலை நிறுத்தி வேறொன்றுக்கு மாறும் வலிமை அதன் சொல்லறிவுக்கு இன்னும் வரவில்லை. அவ்வலிமை மூன்று, நான்கு, ஐந்து வயதுகளில் மெல்ல மெல்ல வளர்கிறது. ஆகவே, "வேண்டாம் என்று சொல்லச் சொல்ல வேண்டுமென்றே செய்கிறான்" என்று இரண்டு வயதுப் பிள்ளையின் மேல் குற்றம் சாட்டும் தாய்மார்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். அவ்வயதில் சொல் மட்டும் போதாது. கையைப் பிடித்து, செய்து காட்டி, திசை திருப்பிவிட வேண்டும்.

நம் மொழியின் அமைப்பும் இங்கே கவனிக்கத்தக்கது. தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வரும். "மேசைமேல் இருக்கும் அண்ணனுடைய சிவப்புப் புத்தகத்தைப் பைக்குள் வை" என்னும்போது, என்ன செய்ய வேண்டும் என்பது கடைசிச் சொல்லில்தான் தெரிகிறது. அதுவரை மேசை, அண்ணன், சிவப்பு, புத்தகம், பை என ஐந்தையும் பிள்ளை சுமக்க வேண்டும். சிறு பிள்ளைக்கு, "அண்ணன் புத்தகத்தை எடு" என்று சொல்லி, எடுத்தபின் "பைக்குள் வை" என்று சொன்னால் போதும்.

தமிழுக்கு ஒரு சிறப்பும் உண்டு. "கை கழுவிவிட்டு, திருநீறு பூசிக்கொண்டு, வந்து உட்கார்" என்று செயல்களை நடக்க வேண்டிய வரிசையிலேயே நம் வினையெச்சங்கள் அடுக்கித் தருகின்றன. கேட்கும் வரிசையும் செய்யும் வரிசையும் ஒன்றாகவே உள்ளன. இதையே மாற்றி, "சாப்பிடுவதற்கு முன் கை கழுவு" என்றால் பிள்ளை முதலில் கேட்பது சாப்பாட்டை! முன், பின் என்னும் சொற்களைக் குழந்தைகள் எப்படிப் புரிந்துகொள்கின்றனர் என்று ஈவ் கிளார்க் என்னும் மொழியியல் அறிஞர் ஆராய்ந்து 1971இல் வெளியிட்டார். அவர் ஆராய்ந்தது ஆங்கிலம் பேசும் குழந்தைகளை. சிறியவர்கள் அச்சொற்களின் பொருளைக் கவனியாமல், எது முதலில் சொல்லப்பட்டதோ அதுவே முதலில் நடப்பதாக எடுத்துக்கொண்டனர். நம் பிள்ளைகளிடமும் நான் கண்டது இதுவே. "கை கழுவிவிட்டுச் சாப்பிடு" என்று சொல்லிப் பாருங்கள், வேறுபாடு தெரியும்.

இன்னொன்று, "ஓடாதே" என்ற சொல்லில் பிள்ளை முதலில் கேட்பது "ஓடு" என்பதைத்தான். மறுப்பு பின்னால் ஒட்டி வருகிறது. செய்யக் கூடாததைச் சொல்வதைவிடச் செய்ய வேண்டியதைச் சொல்வதே தெளிவு. "ஓடாதே" என்பதற்கு "மெதுவாக நட". "கத்தாதே" என்பதற்கு "மெல்லப் பேசு". "கொட்டாதே" என்பதற்கு "இரண்டு கையாலும் பிடி".

கோலா என்ற மலாய்ச் சொல் ஆறு வந்து கூடும் இடத்தைக் குறிக்கும். நம் கோலா தெர்லாவில் ஆறு மட்டுமா கூடுகிறது? வீட்டில் தமிழ், பள்ளியில் தமிழோடு மலாயும் ஆங்கிலமும், கடைத்தெருவில் சீன மொழி என நம் பிள்ளையின் காதில் நான்கு மொழிகள் வந்து கலக்கின்றன. இது செல்வமே, சுமையன்று. ஆனால் ஒரே கட்டளையில் மூன்று மொழிகளைக் கலந்து சொல்லும்போது, பிள்ளை எந்த மொழிக்கும் உரிய சொல்லைத் தெளிவாகக் கற்பதில்லை. மேலே, கீழே, உள்ளே, வெளியே, பக்கத்தில், நடுவில், வலம், இடம், முதலில், பிறகு ஆகிய சொற்களைத் தமிழில் தெளிவாகக் கற்ற பிள்ளை, அவற்றுக்குரிய மலாய்ச் சொற்களையும் ஆங்கிலச் சொற்களையும் பின்னர் எளிதில் பிடித்துக்கொள்ளும். தொடக்கக் கல்விக்குத் தாய்மொழியே சிறந்தது என்று யுனெஸ்கோ நிறுவனம் 1953ஆம் ஆண்டு அறிக்கையிலேயே வலியுறுத்தியிருக்கிறது.

இரண்டாம் கேட்டல்: வினா

முதலாம் ஆண்டில் ஒரு முறை "கோடிட்ட இடத்தை நிரப்புக" என்று பயிற்சி கொடுத்தேன். ஒரு சிறுமி வண்ணப் பென்சிலால் ஒவ்வொரு கோட்டின் மேலும் அழகாக வண்ணம் தீட்டி இடத்தை நிரப்பிவிட்டாள். விடைகள் அவளுக்குத் தெரியாதவை அல்ல. வாய்மொழியாகக் கேட்டபோது எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள். "நிரப்புக" என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. வினவவும் அவளுக்குத் துணிவில்லை. "கேட்டால் டீச்சர் ஏசுவீங்கன்னு நினைச்சேன்" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் பெரட்டுக்களத்தின் நிழல் விழுந்திருப்பதை நான் கண்டேன்.

தமிழ் தெரிந்தும், கணக்குத் தெரிந்தும், கட்டளை விளங்காமல் மதிப்பெண் இழக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். வட்டமிடுக, கோடிடுக, இணைத்திடுக, வரிசைப்படுத்துக, வாக்கியம் அமைத்திடுக என்பன வீட்டில் எவரும் பேசாத சொற்கள். 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டுவிட்டது. இப்போது வகுப்புசார் மதிப்பீட்டில் ஆசிரியர் சொல்வதைப் புரிந்துகொண்டு செய்துகாட்டுவது முன்னிலும் முக்கியமாகிவிட்டது. இடைநிலைப்பள்ளிக்குப் போனால் அத்தனை கட்டளைகளும் மலாயில் வரும். "விளங்கவில்லை ஐயா, இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று எழுந்து நின்று சொல்லும் துணிவு அங்கே பாதி வெற்றியைத் தந்துவிடும். அத்துணிவு பதின்மூன்று வயதில் திடீரென்று முளைக்காது. மூன்று வயதில் வீட்டில் விதைக்க வேண்டும்.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும் பள்ளிகள் மூடப்பட்டன. கைப்பேசி வழியாகப் பாடங்கள் வந்தன. அப்போதுதான் பல பெற்றோர் தங்கள் பிள்ளை ஒரு பயிற்சித்தாளை எப்படிப் பார்க்கிறது என்பதை முதன்முதலாக நேரில் கண்டனர். "இதைக்கூடவா உனக்குத் தெரியாது?" என்று சிலர் சினந்தனர். "இதில் என்ன செய்யச் சொல்லியிருக்கிறார்கள், எனக்குச் சொல்லு பார்க்கலாம்" என்று கேட்டவர்கள் சிலர். இரண்டாவது வழியே சிறந்தது.

ஒன்றைச் சொன்ன பிறகு "விளங்கியதா?" என்று வினவாதீர்கள். எல்லாப் பிள்ளைகளும் தலையாட்டும். "இப்போது என்ன செய்யப் போகிறாய்?" என்று வினவுங்கள். பிள்ளை தன் சொந்தச் சொல்லில் திருப்பிச் சொல்லட்டும். தவறாகச் சொன்னால் தவறு எங்கே நேர்ந்தது என்பது உடனே தெரிந்துவிடும்; திருத்திவிடலாம். "ஏன்?" என்று பிள்ளை வினவினால் ஒரு வரியில் காரணம் சொல்லுங்கள். "செருப்பை வாசலிலே விடு, மழைச்சேறு உள்ளே வரும்." காரணம் அறிந்த பிள்ளை நாம் இல்லாதபோதும் செருப்பை வாசலில் விடும். அச்சத்தால் செய்யும் பிள்ளை நம் தலை மறைந்ததும் விட்டுவிடும்.

இதிலே இன்னொரு பெரிய செய்தியும் அடங்கியிருக்கிறது. "பெரியவர்கள் எது சொன்னாலும் செய்ய வேண்டும்" என்று மட்டுமே கற்பிக்கப்பட்ட பிள்ளை, தீய எண்ணம் கொண்ட பெரியவர் சொன்னாலும் செய்யும். நம் நாட்டில் 2017ஆம் ஆண்டு சிறார்க்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் குற்றவாளியைத் தண்டிக்கும். ஆனால், அக்கணத்தில் "முடியாது, அம்மாவிடம் சொல்வேன்" என்று சொல்லும் வாயை நாம்தான் பிள்ளைக்குத் தர வேண்டும். வினவும் உரிமை உள்ள பிள்ளையால்தான் மறுக்க வேண்டியதை மறுக்க முடியும்.

மூன்றாம் கேட்டல்: சொற்படி நடத்தல்

கேட்டு நடத்தல் ஒரு பழக்கம். பழக்கம் பயிற்சியால் வருவது. நம் முன்னோர் இதற்கென்றே விளையாட்டுகள் வைத்திருந்தனர். "குளம் கரை" விளையாடாதவர் இங்கே யார்? "குளம்" என்றால் கோட்டுக்குள் குதிக்க வேண்டும். "கரை" என்றால் வெளியே குதிக்க வேண்டும். "கரை, கரை, கரை" என்று சொல்லிக்கொண்டே வந்து திடீரென்று "குளம்" என்றால் தடுமாறாமல் மாற வேண்டும். லூரியாவின் குழந்தை வளையத்தில் தடுமாறிய அதே இடத்தில் நம் பிள்ளைகளுக்குச் சிரிப்போடு பயிற்சி கிடைத்தது. இன்று அந்தக் கோட்டைப் போடுவதற்கு ஒரு சுண்ணாம்புக் கட்டியும், ஆடுவதற்குப் பெற்றோரின் பத்து நிமிடமும் போதும்.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1939ஆம் ஆண்டு சென்னை அடையாறு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்தில் நம் ஊரைப் போன்ற மலையூரான கொடைக்கானலிலும் தங்கிக் குழந்தைகளோடு பணியாற்றினார். அவருடைய முறையில் "மௌன விளையாட்டு" என்று ஒன்று உண்டு. பிள்ளைகள் அசையாமல், ஒலியெழுப்பாமல் அமர்ந்திருப்பார்கள். ஆசிரியர் தொலைவிலிருந்து ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் மெல்லிய குரலில் அழைப்பார். பெயர் கேட்ட பிள்ளை ஓசையின்றி எழுந்து வரும். நான் இதை என் வகுப்பில் செய்து பார்த்திருக்கிறேன். உரத்துக் கத்தினால் அடங்காத முப்பது பிள்ளைகள், என் கிசுகிசுப்புக்காகக் காத்திருந்ததைக் கண்டேன். நம் குரல் உயர உயரப் பிள்ளையின் செவி மூடிக்கொள்கிறது; தாழத் தாழத் திறக்கிறது என்பதை அன்று கற்றேன்.

நம் தாய்மார்கள் கொழுந்து எடுக்கக் கற்ற முறையையும் நினைத்துப் பாருங்கள். புதிதாக வந்த பெண்ணுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று, இரண்டு இலையும் ஒரு மொட்டும் எது என்று காட்டி, விரலைப் பிடித்துக் கிள்ள வைத்தார். முதலில் காட்டுவது, அடுத்துச் சேர்ந்து செய்வது, பிறகு தனியே விட்டுப் பார்ப்பது என்ற மூன்று படிகளில்தான் வேலை கைக்கு வந்தது. பெரட்டுக்களத்து அதட்டலை நாம் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தேயிலைக் காட்டின் இந்தப் பொறுமையைக் கொண்டுவர மறந்துவிட்டோம். படுக்கையை மடிக்கவும், தட்டைக் கழுவவும், பையை அடுக்கவும் பிள்ளைக்கு இப்படியே கற்பிக்கலாம்.

பயிற்சிக்கு நம் ஆலயத்தைவிடச் சிறந்த பள்ளி ஏது? கால் கழுவிவிட்டு உள்ளே வர வேண்டும். முதலில் விநாயகரை வணங்க வேண்டும். வலமாகச் சுற்றி வர வேண்டும். வலக் கையால் திருநீறு வாங்க வேண்டும். தீபாராதனையின்போது பேசாமல் நிற்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு சிறு கட்டளை. ஒவ்வொரு வாரமும் அதே வரிசை. "வலப்பக்கம்" எது என்று பாட நூலில் படிப்பதற்கு முன்பே, பிரகாரத்தைச் சுற்றிச் சுற்றி நம் பிள்ளைகளின் கால்கள் அதைக் கற்றுவிடுகின்றன. ஆனால் கூட்டத்தில் தரதரவென்று இழுத்துச் சென்றால் எதுவும் மனத்தில் பதியாது. அடுத்த வெள்ளிக்கிழமை ஆலயத்துக்குள் நுழையும்போது, "முதலில் எங்கே போக வேண்டும், கண்ணு?" என்று பிள்ளையிடமே வினவுங்கள். அது உங்கள் கையைப் பிடித்து அழைத்துச் செல்லட்டும்.

சொன்னதைச் செய்துவிட்டால், பார்த்தோம் என்பதைச் சொல்லுங்கள். வெறுமனே "நல்ல பிள்ளை" என்பதைவிட, "சொன்னவுடனே தட்டை எடுத்து வைத்தாய், எனக்கு உதவியாக இருந்தது" என்றால் எது நன்று என்பது பிள்ளைக்குத் தெரியும். செய்யாவிட்டால் இன்னொரு முறை அருகே சென்று சொல்லுங்கள். அதன் பின் சேர்ந்து செய்து முடியுங்கள். செய்ய முடியாத மிரட்டலைச் சொல்லாதீர்கள். "போலீஸ் பிடித்துக்கொண்டு போகும்" என்பதை இரண்டு முறைக்கு மேல் எந்தப் பிள்ளையும் நம்புவதில்லை. அதன்பின் நம் மற்றச் சொற்களையும் நம்புவதில்லை.

காரணம் வினவாமல் உடனே கேட்க வேண்டிய சொற்களும் உண்டு. நம் மலைப்பாதையில் லாரி வரும்போது "நில்!" என்றால் நின்றே ஆக வேண்டும். காய்கறித் தோட்டத்தில் பூச்சிமருந்துப் போத்தலைக் கண்டால் "தொடாதே!" என்பதற்கு விளக்கம் தர நேரமில்லை. 2013 அக்டோபர் 23ஆம் நாள் அதிகாலையில், ரிங்லெட்டில் சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர் திறந்துவிடப்பட்டபோது, பெர்தாம் வேலியில் வெள்ளம் புகுந்து உயிர்கள் பலியானதை நாம் மறக்கவில்லை. மண்சரிவும் வெள்ளமும் நமக்குப் புதியவை அல்ல. இத்தகைய சொற்களை இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அமைதியான நேரத்தில் காரணத்தைச் சொல்லி, விளையாட்டாகப் பழக்கி வையுங்கள். "வா என்றால் எதையும் எடுக்காமல் அம்மா கையைப் பிடிக்க வேண்டும்" என்று மாதம் ஒரு முறை வீட்டிலேயே செய்து பாருங்கள். நாள் முழுவதும் ஒவ்வொன்றுக்கும் கத்திக்கொண்டே இருந்தால், உண்மையான ஆபத்தின்போது நாம் எழுப்பும் கூச்சலும் பத்தோடு பதினொன்றாகிவிடும்.

நிறைவாக

அன்பான பெற்றோர்களே! உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். திட்டும் முன் காது கேட்கிறதா என்று பாருங்கள். சொல்லியபின், என்ன விளங்கியது என்று பிள்ளையின் வாயாலேயே கேளுங்கள். பிள்ளை ஏன் என்று வினவினால் அதை எதிர்ப்பாக எண்ணாதீர்கள்.

சுவாமிமலைத் திருத்தலத்தின் வரலாற்றை நாம் யாவரும் அறிவோம். பிரணவத்தின் பொருளைச் சொல்லவல்ல பிள்ளையின் முன், உலகுக்கெல்லாம் தந்தையான சிவபெருமான் மாணவனாக நின்று, செவி சாய்த்துக் கேட்டார். அதனால் முருகனுக்குத் தகப்பன்சாமி என்ற பெயர் வந்தது. பிள்ளை சொல்வதைக் கேட்டதால் இறைவனின் பெருமை குறைந்துவிடவில்லை. இன்று இரவு வீட்டுக்குப் போனதும், கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டு, ஐந்து நிமிடம் பிள்ளையின் எதிரே அமர்ந்து, அது சொல்வதை முழுமையாகக் கேளுங்கள். கேட்பது எப்படி என்பதை அது உங்களைப் பார்த்தே கற்றுக்கொள்ளும்.

அந்தச் சிறுவனின் பாட்டி அன்று என் வகுப்பு வாசலுக்கு வந்து சொல்லியிராவிட்டால், நான் இன்னும் எத்தனை பிள்ளைகளை வெளியே நிறுத்தியிருப்பேனோ தெரியாது. அந்த அம்மையாரை நன்றியோடு நினைத்து, நம் ஆலயத்தில் எழுந்தருளியிருக்கும் தெய்வத்தின் திருவடிகளை வணங்கி, இம்மலைப் பிள்ளைகள் அனைவரும் நன்கு கேட்டு, நன்கு வினவி, நன்கு நடந்து வாழ வேண்டும் எனப் பிரார்த்தித்து விடைபெறுகிறேன்.